வாக்கர், ஃபுல்லர், டக்கர்: ஒரே தொழில், மூன்று குடும்பப் பெயர்கள்

ஜானி வாக்கர் விஸ்கியைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் அந்த லேபிள் தெரிந்திருக்கும். உயரமான தொப்பி, கோட்டு, கையில் ஒரு தடி, காலை நன்றாக எட்டி வைத்து விறுவிறுவென்று நடக்கும் மனிதர். 1908இல் டாம் பிரவுன் என்ற கேலிச்சித்திரக்காரர் வரைந்தது. கம்பெனிக்குப் பெயர் தந்த ஜான் வாக்கர், ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். வாக்கர் என்றால் நடப்பவர்தானே, நடக்கும் ஆளையே வரைந்துவிட்டார்கள். விளம்பரத்துக்குப் பிரமாதமான யோசனை. ஆனால் பெயரின் வரலாற்றுப்படி பார்த்தால், அந்த மனிதரின் ஷூவைக் கழற்றி, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, நாற்றமடிக்கும் தொட்டிக்குள் இறக்கிவிட வேண்டும்.

வாக்கர் ஒரு தொழிற்பெயர். நடுக்கால இங்கிலாந்தில், தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியை மிதித்துப் பதப்படுத்தியவரை வடக்குப் பக்கம் அப்படி அழைத்தார்கள். அதே வேலையைச் செய்தவர் தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். இன்று மூன்றுமே தொழிலோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத குடும்பப் பெயர்கள். ஆங்கிலேயரின் தொழிற்பெயர்கள் எப்படிப் பிறந்தன, எப்படிப் பரம்பரைப் பெயராக இறுகின என்று தெரிந்துகொள்ள, எல்லோரும் எடுத்துக்காட்டும் ஸ்மித்தைவிட இந்த மூன்றும்தான் நல்ல உதாரணம் என்பது என் கட்சி. ஸ்மித் என்றால் கொல்லர். கதை அங்கேயே முடிந்துவிடும். இந்த மூன்றில் வட்டாரப் பேச்சும் வரி வசூலும் தண்ணீர் ஆலையும் கூடவே வருகின்றன.

அது என்ன வேலை?

நமக்கு இந்த வேலை கொஞ்சம் அந்நியம். காரணம் பருத்தி. பருத்தித் துணியைத் தறியிலிருந்து அறுத்து, கஞ்சி போக அலசினால் உடுத்திக்கொள்ளலாம். கம்பளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆட்டு ரோமத்தில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. நூற்க வசதியாக இருக்கட்டும் என்று மேலும் எண்ணெயோ வெண்ணெயோ தடவுவார்கள். அதனால் நெய்து முடித்த துணி பிசுபிசுவென்று, இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும் அளவு தளர்வாக இருக்கும். போர்த்திக்கொண்டு வெளியே போனால் காற்று உள்ளே புகுந்து மறுபக்கம் வரும்.

அதை ஊறவைத்து மிதிக்க மிதிக்க இரண்டு காரியம் நடக்கும். பசை கழன்றுபோகும். கூடவே இழைகள் ஒன்றோடொன்று சிக்கி, துணி சுருங்கித் தடிக்கும். ஆட்டு ரோமத்தின் மேற்பரப்பில் மிக நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. ஈரமும் சூடும் அழுத்தமும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், அப்புறம் விடாது. ஊட்டிக்குப் போக வாங்கிய கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் வாஷிங் மெஷினில் போட்டுச் சுழற்றி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சரியாக இருக்கும் அளவில் வெளியே எடுத்தவர்களுக்கு இது புரியும். (அக்ரிலிக் ஸ்வெட்டர் தப்பித்துவிடும், நிஜக் கம்பளிக்குத்தான் இந்தக் கதி.) அங்கே விபத்தாக நடப்பதை இவர்கள் வேண்டுமென்றே, அளவு பார்த்துச் செய்தார்கள். அப்படி இறுகிய துணிதான் இங்கிலாந்தின் குளிர்காற்றையும் ஓயாத தூறலையும் தாங்கியது.

பசையைப் போக்கப் பயன்பட்டவற்றில் முக்கியமானவை இரண்டு. முதலாவது, பழைய மூத்திரம். நாள்பட வைத்த மூத்திரத்தில் அம்மோனியா உண்டாகும். எண்ணெய்ப் பசையை அது வெட்டிவிடும். வீடுகளிலிருந்து சேகரித்துத் தொட்டியில் ஊற்றினார்கள். இது ஆங்கிலேயர் கண்டுபிடித்ததல்ல. ரோமானியர் காலத்துப் பாம்பேயி நகரைத் தோண்டியபோது இத்தகைய தொட்டிகளோடு பட்டறைகளே கிடைத்தன. வெஸ்பாசியன் என்ற பேரரசர் மூத்திரத்துக்கு வரியே போட்டார். இரண்டாவது, எண்ணெயை உறிஞ்சும் ஒரு வகைக் களிமண். இதற்கு ஆங்கிலத்தில் இன்றும் ஃபுல்லர்ஸ் எர்த், அதாவது ஃபுல்லரின் மண் என்றே பெயர். லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்தில் நட்ஃபீல்டு பக்கம் நிறைய வெட்டி எடுத்தார்கள். நம்மூரில் அதுதான் முல்தானி மிட்டி. முகத்தில் எண்ணெய் வடிகிறது என்று பூசிக்கொள்கிறோமே, அதே உபயோகத்தில்தான் கம்பளிக்கும் போட்டார்கள்.

மிதித்து முடித்த துணியை அலசி, திறந்த வெளியில் நீளமான மரச்சட்டங்களில் கொக்கி போட்டு மாட்டி, இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். எவ்வளவு சுருங்கவிட வேண்டும், எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதெல்லாம் கைப்பழக்கம். ஏமாற்றுவதற்கும் இங்கே நல்ல வசதி இருந்தது: கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டால் துணியின் அளவு கூடும், வாங்குகிறவருக்கு நோஞ்சான் துணி போகும். பள்ளிக்கூடத்தில் மன்னரின் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்ட சாசனம் என்று படித்தோமே, 1215இன் மாக்னா கார்ட்டா, அதில் ஒரு விதி துணி அகலத்தைப் பற்றியது. சாயத் துணி எல்லா இடத்திலும் கரைக்கு உள்ளே இரண்டு ‘எல்’ (துணி அளக்கும் பழைய ஆங்கில அளவு) அகலம் இருக்க வேண்டும் என்கிறது. நீதி, சிறை, வாரிசுரிமை பற்றிய விதிகளுக்கு நடுவே இதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால், நாட்டின் காசு எங்கே இருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

பெயரோடு தொழில் ஒட்டிக்கொண்டது எப்படி?

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பு, பெரும்பாலும் ஒருவருக்கு ஒரு பெயர்தான். லியோஃப்ரிக், காட்வின், வுல்ஃப்ஸ்டன் என்று விதவிதமாக வைத்துக்கொண்டதால் குழப்பம் குறைவு. நார்மன்கள் வந்த பிறகு பெயர் வைப்பதில் ஃபேஷன் மாறியது. ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களையே எல்லோரும் வைக்க ஆரம்பித்தார்கள். ஊருக்குப் பத்து ஜான் இருந்தால் எந்த ஜான் என்று கேட்கத்தானே செய்வார்கள். அப்பா பெயரைச் சொன்னார்கள்: ஜான்சன். இருக்கும் இடத்தைச் சொன்னார்கள்: ஹில், வுட். ஆளைப் பார்த்து ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள்: பிரவுன், ஷார்ட். அல்லது தொழிலைச் சொன்னார்கள்: ஸ்மித், பேக்கர், டெய்லர், வாக்கர்.

தொடக்கத்தில் இது பரம்பரைப் பெயர் கிடையாது. நம் இனிஷியல் மாதிரி, தலைமுறைக்குத் தலைமுறை மாறக்கூடிய அடையாளம். துணி மிதிக்கும் ராபர்ட், ராபர்ட் வாக்கர். அவர் மகன் ரொட்டி சுட்டால் அவன் வில்லியம் பேக்கர். ஒரே ஆளை ஓர் ஆவணத்தில் தொழிலாலும் இன்னொன்றில் ஊராலும் குறித்திருப்பதும் சகஜம்.

தொழிற்பெயரில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. எல்லோரும் செய்கிற வேலை அடையாளமாகாது. ஊரே உழுதுகொண்டிருக்கும்போது ஒருவரை உழவர் என்று அழைத்து என்ன பயன்? ஊருக்கு ஒருவரோ இருவரோ இருந்த கொல்லர், மாவு அரைப்பவர், துணி மிதிப்பவர் ஆகியோரின் தொழில்தான் பெயராக நின்றது. ஸ்மித்தும் மில்லரும் வாக்கரும் இன்று இவ்வளவு பரவலாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

மாறிக்கொண்டிருந்த அடையாளம் எப்போது உறைந்தது? முதலில் நிலபுலன் உள்ள நார்மன் குடும்பங்களில். சொத்து மகனுக்குப் போக வேண்டும், மகன் இன்னாருடைய மகன்தான் என்று காட்ட வேண்டும்; அதற்கு ஒரே பெயர் தொடர்வது வசதி. சாதாரண மக்களிடம் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் பரவியது. தெற்கில் சீக்கிரம், வடக்கில் தாமதமாக. பண்ணையாரின் நீதிமன்றப் பதிவேடுகளில் யார் எந்த நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருக்கிறார் என்று எழுதி எழுதி, குடியானவருக்கும் பெயர் நிலைத்தது.

அப்புறம் வரி. 1377இல் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் நான்கு பென்னி தலைவரி போட்டார்கள். 1379இல் அந்தஸ்துக்கு ஏற்ப வரி என்று மாற்றியதால், பல இடங்களில் எழுத்தர்கள் பெயருக்குப் பக்கத்தில் தொழிலையும் குறித்தார்கள். யார்க்ஷயரின் வெஸ்ட் ரைடிங் பகுதிக்கான 1379ஆம் ஆண்டுப் பட்டியல் பெரிய அளவில் மிஞ்சியிருக்கிறது. குடும்பப் பெயர் ஆராய்கிறவர்களுக்கு அது ஒரு புதையல். பெயரும் தொழிலும் பொருந்துகிறவர்களும் அதில் இருக்கிறார்கள், பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள். பெயர் பாதி உறைந்து பாதி உறையாமல் இருந்த காலம் அது.

அடுத்த தலைவரி ஆளுக்கு 12 பென்னி. 1381இல் குடியானவர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கிளர்ச்சியின் தலைவர் வாட் டைலர்; டைலர் என்றால் ஓடு வேய்பவர். நார்ஃபோக் பகுதியில் கிளர்ச்சியை நடத்தியவர் ஜெஃப்ரி லிட்ஸ்டர். லிட்ஸ்டர், இன்றைய லிஸ்டர், சாயம் போடுபவரைக் குறிக்கும் சொல், ஜெஃப்ரியும் சாயக்காரர்தான். அவரைப் பொறுத்தவரை அது குடும்பப் பெயரா, வெறும் தொழில் அடையாளமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அந்தக் காலத்தில் அவரைக் கேட்டிருந்தாலும் கேள்வியே புரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

1413இல் ஒரு சட்டம் வந்தது. வழக்கில் எதிராளியின் பெயரோடு அவருடைய அந்தஸ்தையோ தொழிலையோ, கூடவே குடியிருக்கும் ஊரையும் சேர்த்து எழுத வேண்டும் என்றது. பெயரைப் பார்த்துத் தொழிலைத் தெரிந்துகொள்ள முடியாத நிலை அதற்குள் வந்துவிட்டது என்று இதை நான் படிக்கிறேன். ஜான் வாக்கர், தச்சர் என்று எழுதினால் யாரும் சிரிக்கவில்லை. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு சர்ச்சிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத உத்தரவிட்டார். அதன் பிறகு பெயரை மாற்றிக்கொண்டே போவது சுலபமில்லை.

ஒரு வேலைக்கு ஏன் மூன்று பெயர்?

வாக்கர் என்பதன் வேர் பழைய ஆங்கிலத்தில் ‘வெயல்கன்’ என்ற வினை. அதற்கு உருட்டுதல், புரட்டுதல் என்று பொருள். துணியைத் தொட்டியில் புரட்டிப் புரட்டி மிதிப்பவர் ‘வெயல்கரெ’. காலால் நடப்பது என்ற இன்றைய பொருள் அந்தச் சொல்லுக்குப் பிறகுதான், ஏறக்குறைய 1200 வாக்கில் வந்தது. ஆக, தொழிற்பெயர் முந்தியது, நடை பிந்தியது.

ஃபுல்லர் லத்தீன் வழி வந்தது. ரோமானியர் இந்தத் தொழிலாளியை ‘ஃபுல்லோ’ என்றார்கள்; பழைய ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது, நார்மன்களின் பிரெஞ்சும் அதே வேரில் இன்னொரு சொல்லைக் கொண்டுவந்து வலுச்சேர்த்தது. கென்ட், சசெக்ஸ், கிழக்கு ஆங்கிலியா பக்கம் இந்தச் சொல் நிலைத்தது. டக்கருக்கு மூலம் ‘டூகியன்’ என்ற பழைய ஆங்கில வினை; துன்புறுத்துவது என்று பொருள். துணியைப் படுத்திய பாட்டைப் பார்த்தால் பொருத்தம்தான்.

இந்த வட்டார வேறுபாடு தரையிலும் பதிந்திருக்கிறது. டெவன் மாவட்டத்தின் எக்ஸிட்டர் நகரில் நெசவாளர்களும் துணி மிதிப்பவர்களும் சேர்ந்து 1471இல் கட்டிய சங்கக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதன் பெயர் டக்கர்ஸ் ஹால். கார்ன்வாலில் கேம்போர்ன் அருகே டக்கிங்மில் என்றே ஓர் ஊர். வடக்கே போனால் வாக் மில், வாக்மில் என்ற இடப்பெயர்கள். லண்டனில் ஃபுல்லர்களின் சங்கம் 1528இல் துணி கத்தரிப்பவர்களின் சங்கத்தோடு இணைந்தது. வேல்ஸ் நாட்டுக்குப் போனால் வேறொரு சொல்: பண்டி. 1910இல் சுரங்கத் தொழிலாளர் கலவரத்தால் பெயர்பெற்ற டோனிபண்டி ஊரின் கடைசிப் பாதி இதுதான், துணி மிதிக்கும் ஆலை.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த விக்ளிஃப் பைபிளில், மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் இயேசுவின் உடை வெண்மையாக ஒளிரும் இடத்தில், மொழிபெயர்த்தவர்கள் ‘ஃபுல்லர் அல்லது துணி வாக்கர்’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். ஒரு சொல்லை மட்டும் எழுதினால் நாட்டில் பாதிப் பேருக்கு விளங்காது என்ற கவலை அதில் தெரிகிறது. அதிலும் டெவன்காரர்களை விட்டுவிட்டார்கள்.

ஆவணங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எழுத்தர்கள் பெரும்பாலும் லத்தீனில் எழுதினார்கள். வாக்கர் என்று ஊர் அழைத்தவரும் டக்கர் என்று ஊர் அழைத்தவரும் லத்தீனில் ஒரே ‘ஃபுல்லோ’தான். அதனால் பழைய பட்டியலில் ஃபுல்லோவைப் பார்த்ததும் ஃபுல்லர் குடும்பத்தின் மூதாதையர் கிடைத்துவிட்டார் என்று குதிக்கக் கூடாது.

காலுக்குப் பதில் சக்கரம்

பெயர்கள் பிறந்துகொண்டிருந்த அதே காலத்தில் தொழிலே மாறிக்கொண்டிருந்தது. நீர்ச்சக்கரம் சுழலும்போது, அதன் அச்சில் உள்ள முனைகள் பெரிய மரச்சுத்தியல்களைத் தூக்கித் தூக்கி விடும். அவை தொட்டியில் கிடக்கும் துணியைத் தம்தம்மென்று இடிக்கும். இங்கிலாந்தில் இத்தகைய ஆலைகள் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று 1185ஆம் ஆண்டைச் சேர்ந்தது. டெம்ப்ளர் என்ற துறவிப் போர்வீரர்கள் தங்கள் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது, யார்க்ஷயரில் நியூஷம் என்ற இடத்தில் ஓர் ஆலையைக் குறித்துவைத்தார்கள். அடுத்த நூறு ஆண்டுகளில் ஓடும் தண்ணீர் உள்ள இடமெல்லாம் ஆலைகள் முளைத்தன.

நகரத்தில் காலால் மிதித்துப் பிழைத்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. நகரத்துத் துணியை வெளியூர் ஆலைக்கு அனுப்பக் கூடாது என்று லண்டனில் 1298இல் கட்டுப்பாடு போட்டுப் பார்த்தார்கள். ஆனாலும் இரண்டு முறையும் வெகுகாலம் கூடவே இருந்தன. 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிதை ஒன்று, தறியிலிருந்து வந்த துணி காலடியிலோ ஆலையிலோ இடிபட்டு, அலசப்பட்டு, முள்காயால் வாரப்பட்டு, இழுத்துக் கட்டப்பட்டு, தையற்காரர் கைக்குப் போகும்வரை உடுத்த லாயக்கில்லை என்று வரிசையாகச் சொல்கிறது. அதனால், வாக்கர் என்ற பெயரைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற எத்தனையோ பேர் தொட்டியில் கால் வைத்தே இருக்கமாட்டார்கள். ஆலையை நடத்தியிருப்பார்கள், சுத்தியலுக்கு அடியில் துணியைத் திருப்பிப் போட்டிருப்பார்கள்.

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் மட்டும் கைமுறை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீடித்தது. அங்கே பெண்கள் ஒரு பலகையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரத் துணியைப் பலகையில் அடித்து அடித்துக் கைமாற்றிக்கொண்டே கேலிக் மொழியில் பாடுவார்கள். வேலையின் தாளத்துக்கென்றே அமைந்த அந்தப் பாடல்கள் நூற்றுக்கணக்கில் பதிவாகியிருக்கின்றன.

துணித்தொழில் விட்டுச்சென்ற பெயர்கள் இவை மட்டுமல்ல. நெசவாளர்: வெப், வீவர், வெப்ஸ்டர். சாயக்காரர்: டையர், லிஸ்டர், டெக்ஸ்டர். துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ரோமத்தைக் கத்தரித்துச் சமப்படுத்தியவர்: ஷெர்மன். இரண்டாம் உலகப் போரின் ஷெர்மன் டாங்க், அமெரிக்கத் தளபதி ஒருவரின் பெயர் வழியாக, ஒரு கத்தரிக்கோல்காரரிடம் போய் நிற்கிறது. வெப்ஸ்டர், பேக்ஸ்டர், ப்ரூஸ்டர் போன்றவற்றில் வரும் ‘ஸ்டர்’ தொடக்கத்தில் பெண்பால் விகுதி. நெய்த, சுட்ட, பீர் காய்ச்சிய பெண்களின் தடம். பிறகு, முக்கியமாக வடக்கில், ஆணுக்கும் அதையே வைத்துவிட்டார்கள். ஃபுல்லரின் பயணம் இன்னும் விசித்திரம். 1985இல் 60 கார்பன் அணுக்கள் பந்தாகக் கோத்த ஒரு மூலக்கூறைக் கண்டுபிடித்தவர்கள், அதே வடிவில் குவிமாடங்களைக் கட்டிய பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் நினைவாக அதற்குப் பெயர் வைத்தார்கள். ஃபுல்லரீன் என்று வேதியியல் புத்தகத்தில் படிக்கிற மாணவருக்கு மூத்திரத் தொட்டி ஞாபகம் வர வாய்ப்பில்லை.

இனி, ஒரு வாக்கரையோ டக்கரையோ சந்தித்தால் என்ன முடிவுக்கு வரலாம்? கொஞ்சம்தான். எல்லா வாக்கர்களும் ஒரே குடும்பமல்ல. ஊருக்கு ஊர் தனித்தனியாக முளைத்த பெயர் இது. இங்கிலாந்தில் மிகப் பரவலான முதல் இருபது குடும்பப் பெயர்களில் ஒன்றாக இது இருப்பதே அதனால்தான். காட்டைச் சுற்றிவந்து காவல் காத்தவரே வாக்கர் என்று ஒரு விளக்கம் புத்தகங்களிலும் இணையத்திலும் உலவுகிறது. காட்டுக் காவலரை அப்படி அழைத்ததுண்டு என்றாலும், இந்தப் பெயரின் பெரும்பகுதி துணித்தொழிலிலிருந்து வந்ததே. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் சில வாக்கர்கள், துணி மிதிப்பவரின் மகன் என்று பொருள்படும் கேலிக் பெயரை ஆங்கிலப்படுத்திக்கொண்டவர்கள். ஜெர்மன் மொழியிலும் வால்கர் என்றால் இதே தொழில்தான்; அமெரிக்காவில் கப்பலிறங்கிய ஜெர்மானியர் சிலர் எழுத்து மாறாமலே ஆங்கில வாக்கர்களாகிவிட்டார்கள். கரீபியன் தீவுகளிலும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் உள்ள ஏராளமான கறுப்பின வாக்கர்களுக்கு இந்தப் பெயர் அடிமை முறை வழியாக, பெரும்பாலும் தோட்ட முதலாளியின் பெயராக வந்தது. யார்க்ஷயர் தொட்டியைத் தேடிப் போகும் முன் அவர்கள் பார்க்க வேண்டியது தோட்டக் கணக்குப் புத்தகங்களையும் விடுதலைக்குப் பிந்தைய பதிவுகளையும்தான்.